பள்ளி வாரியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: 4,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து நான் கற்றது

2018 நவம்பரில், மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து. எங்கள் பழைய தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத் தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "முன்னாள் மாணவர் பேருல ஒரு எடம் காலியா இருக்கும்மா. நீ கணக்குப் படிச்ச பொண்ணு. மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம், அவ்வளவுதான். பேரு மட்டும் கொடு" என்றார். நான் யோசிக்கவே இல்லை. என் அம்மா பால்மரம் வெட்டப் போகுமுன் இருட்டிலேயே எங்களை எழுப்பித் தலை வாரிவிட்டு அந்தப் பள்ளிக்கு அனுப்பியவர். அவர் இப்போது இல்லை. அவர் ஞாபகமாகச் செய்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே அடையாள அட்டை நகலைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிட்டேன். அடுத்த ஒன்றரை ஆண்டில் நான் எடுத்த விடுப்பு 11 நாள். கையை விட்டுப் போன காசு 4,800 வெள்ளி, திரும்பி வந்தது 1,500. அதைவிட, ஒரு ஆசிரியை முன்னால் தலைகுனிந்து நின்றதும், ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை மாதக்கணக்கில் மண்டபத் தரையில் உட்கார வைத்ததும்தான் இன்னும் மனசை அறுக்கிறது. யாராவது ஒருவர் முதல் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் கூட்டம் 2019 ஜனவரியில். பொன்னாடை போட்டார்கள், பசியாறக் கொடுத்தார்கள். தலைவர் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து ஆரம்பித்து, இன்று மாநிலத்தில் இருக்கிற 28 தமிழ்ப்பள்ளிகள் வரை பேசினார். கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் எங்கள் பள்ளி நிற்கிற நிலம் யார் பெயரில் இருக்கிறது, வாரியத்துக்கு எத்தனை வங்கிக் கணக்கு, அதில் எவ்வளவு பணம், யார் கையெழுத்து என்று ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஜே.பி.என்., பி.பி.டி., எஸ்.சி.பி., எஸ்.பி.கே., டி.ஓ.எல். என்று சரமாரியாக ஓடியது பேச்சு. ஜே.பி.என். என்றால் மாநிலக் கல்வி இலாகா, பி.பி.டி. என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம், எஸ்.பி.கே. என்றால் அரசாங்க உதவி பெறும் பள்ளி என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது; மற்ற இரண்டையும் பின்னால் சொல்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த மாதிரி இருந்தது. நானும் தலையாட்டினேன். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் அந்த எழுத்துகளை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டேனே தவிர, வாய் திறந்து கேட்கவில்லை. கணக்குப் படித்த பொண்ணு என்று கூப்பிட்டிருக்கிறார்கள், இதுகூடத் தெரியவில்லை என்று நினைப்பார்களே என்ற கூச்சம். இரண்டாவது கூட்டத்தில் என்னையே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். பிற்பாடு விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த அறையில் இருந்தவர்களில் நாலைந்து பேருக்கும் எஸ்.சி.பி. என்றால் என்னவென்று தெரியாது. அவர்களும் என்னைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள்தான்.

எஸ்.சி.பி. என்பதுதான் எல்லாவற்றுக்கும் தாய்ப்பத்திரம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் ஒரு பள்ளி எப்படி நிர்வகிக்கப்பட வேண்டும் என்று சொல்கிற சாசனம் அது. வாரியத்தில் எத்தனை பேர், எந்தெந்தத் தரப்பிலிருந்து, எவ்வளவு காலம், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் வாரியத்தில் 15 பேர், ஐந்து தரப்பிலிருந்து தலா மூவர், மூன்று ஆண்டுத் தவணை. வாரியத்தில் சேரச் சொல்லி உங்களை யாராவது கேட்டால், முதலில் அந்தப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். கூடவே கடைசி ஓராண்டுக் கூட்டக் குறிப்பையும் கணக்கறிக்கையையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல். கொடுக்க ஆசைப்பட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முழித்தால், உங்களுக்கு முதல் ஆறு மாதம் என்ன வேலை காத்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, அப்புறம் பெயரைக் கொடுங்கள்.

இப்போது நான் செய்த முதல் தவறு. பிப்ரவரியில் ஒரு தாய், நான்காம் ஆண்டு ஆசிரியை வீட்டுப்பாடத்தைத் திருத்துவதே இல்லை என்று எனக்குப் புலனத்தில் குரல் பதிவு அனுப்பினார். வாரிய உறுப்பினர் என்றால் பள்ளியைக் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ளவர் என்று நான் நினைத்திருந்தேன். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரே வகுப்புக்கே போய், பிள்ளைகள் பார்க்க அந்த ஆசிரியையிடம் நோட்டுப் புத்தகங்களைக் காட்டச் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. கை நடுங்கியபடி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் திருத்தித்தான் இருந்தன. தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பிளாஸ்க்கிலிருந்து கோப்பி-ஓ ஊற்றி முன்னால் வைத்துவிட்டு, கொஞ்சமும் குரல் உயர்த்தாமல் சொன்னார்: "இங்க பாருங்கம்மா, டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கிறது அமைச்சு. அவங்க வேலையில குறை இருந்தா பார்க்கிறதுக்கு நான் இருக்கேன், எனக்கு மேல மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கு. பாடத்துல, பரிட்சையில, ஆசிரியர் விஷயத்துல வாரியம் கை வைக்க முடியாது. நீங்க இதைப் பாருங்க." விரலை மேலே காட்டினார். அவர் மேசைக்கு நேர் மேலே, கூரைப் பலகையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பு நிறத்தில் நீர்க்கறை. "நம்முளுது பகுதி உதவி பெறுற பள்ளி. இந்தக் கட்டடமும் நெலமும் வாரியத்துப் பொறுப்பு. மூணு கூட்டத்துல சொல்லிட்டேன்."

அன்று ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவால்லங்க" என்றார், ஆனால் அந்த ஆண்டு முழுக்க என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் இன்னொருவர் மனசைக் காயப்படுத்திவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்: வகுப்பறைக்குள் நடப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. நிலம், கட்டடம், வாரியத்தின் பணம், பள்ளியின் தமிழ் அடையாளம் ஆகியவை நம் பொறுப்பு. பெற்றோர் குறை சொல்லி வந்தால் கேட்டுக்கொண்டு தலைமையாசிரியரிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ போகச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

பணத்திலும் இதே குழப்பம். ஒரு பள்ளிக்குள் மூன்று பை இருக்கிறது. அரசாங்கம் கொடுக்கிற மானியம் பள்ளியின் கணக்கில், தலைமையாசிரியர் பொறுப்பில். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி தனிக் கணக்கு. வாரியத்துக்குத் தனிக் கணக்கு. ஒன்றின் காசு இன்னொன்றில் விழக்கூடாது. கோலாலம்பூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் 2,000 வெள்ளி தருவதாகச் சொல்லி, வரிவிலக்கு ரசீது கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். கிடைக்கும் என்று விசாரிக்காமலே சொல்லிவிட்டேன். அவர் காசோலையைச் சங்கத்தின் பெயரில் எழுத, சங்கத்தின் ரசீதைக் கொடுத்தோம். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் எந்தப் பெயருக்குக் கிடைத்திருக்கிறதோ அந்தப் பெயரில் வந்த நன்கொடைக்கு மட்டும்தான் அந்த ரசீது செல்லும். நாங்கள் கொடுத்தது செல்லாத ரசீது. அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு காசு அனுப்பியதில்லை. பொருளாளர் ஆனவுடனே அந்த அங்கீகாரக் கடிதத்தைத் தேடி, யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அக்டோபர் மழை. ஒரு வியாழக்கிழமை இரவு காற்றும் இடியுமாக அடித்தது. வெள்ளி காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிக் காவலாளி அனுப்பிய படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. ஒன்றாம் ஆண்டு வகுப்பில், முழங்கால் உயரத்துச் சின்ன நாற்காலிகளின் மேல் ஊறிப்போன கூரைப் பலகைகள் விழுந்து கிடக்கின்றன. ஒரு நாற்காலியின் முதுகில் பெயர் ஒட்டிய துண்டு மட்டும் நனையாமல் தெரிகிறது. எட்டு மணி நேரம் தள்ளி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் காரிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த நிலையில்தான் அடுத்த முடிவை எடுத்தேன். யாரோ சொன்ன குத்தகைக்காரர் அன்று மத்தியானமே வந்து பார்த்து, ஒன்பதாயிரத்து அறுநூறு ஆகும், பாதி முன்பணம் கொடுத்தால் திங்கட்கிழமை வேலை தொடங்கலாம் என்றார். வாரியக் கணக்கில் பணம் இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை. காசோலையில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர்கள் மூவர், அதில் இருவர் கட்டாயம். முன்னாள் செயலாளர் 2017இல் காலமாகிவிட்டார். முன்னாள் பொருளாளர் மகன் வீட்டோடு ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார். தலைவர் ஒருவர்தான் மிச்சம். வாரியத்துக்கு வந்து பத்து மாதம் ஆகியும், பொருளாளர் என்று பெயர் வாங்கியும் நான் வங்கிப் படியேறவே இல்லை, யாரும் ஏறச் சொல்லவும் இல்லை. என் மகளின் கல்லூரிச் செலவுக்குச் சேர்த்து வைத்ததிலிருந்து 4,800 வெள்ளியை எடுத்துச் சனிக்கிழமை கொடுத்தேன். ரசீது என் பெயரில். தீர்மானம் இல்லை, மூன்று விலைப்புள்ளி வாங்கவில்லை, அந்த ஆளுக்கு சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அவர் இரண்டு நாள் வந்தார். பழைய பலகைகளைப் பிரித்துப் போட்டார். மூன்றாம் நாள் கைப்பேசி அடைத்துவிட்டது. பிள்ளைகள் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்து படித்தார்கள். அடுத்த கூட்டத்தில் என் பணத்தைப் பற்றிக் கேட்டபோது ஒரு மூத்த உறுப்பினர், "தீர்மானம் இல்லாம வாரியம் எப்படிம்மா திருப்பிக் கொடுக்கும்? நாளைக்குத் தணிக்கையில கேட்டா என்ன சொல்றது?" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவிட்டேன். வீட்டில் கணவர் எதுவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. ஆனால் அந்தப் பெரியவர் சொன்னது சரி. தீர்மானம் இல்லாத பணம் வாரியத்தின் பணம் ஆகாது. அவர் அதைப் பத்து மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம் என்பது மட்டும்தான் என் மனத்தாங்கல். நீங்கள் எந்தச் சூழ்நிலையிலும் சொந்தக் காசைப் போடாதீர்கள். அவசரம் என்றால் புலனக் குழுவிலேயே அன்றைக்கே அவசரக் கூட்டம் கேளுங்கள். உங்கள் விதிமுறையில் அவசரச் செலவுக்கு என்ன இடம் இருக்கிறது என்று மழைக்காலம் வருமுன் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை மீட்க, சிறு கோரிக்கை வழக்குக்குப் போனேன். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே தாக்கல் செய்யலாம். ரசீது என் பெயரில் இருந்ததால் என் பெயரிலேயே போட்டேன். தேதி கிடைத்த வேளையில் 2020 மார்ச் 18 முதல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாம் நின்றுபோனது. பிறகு ஆகஸ்ட்டில் விசாரணை. அவர் வரவில்லை, எனக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. உத்தரவு கிடைப்பது வேறு, காசு கைக்கு வருவது வேறு. மூன்று தவணையில் 1,500 கொடுத்தார், அத்தோடு சரி. கூரையை வேறொருவர் 9,200 வெள்ளிக்கு ஒழுங்காக முடித்துக் கொடுத்தார். பதிவு எண்ணைப் பார்த்து, மூன்று விலைப்புள்ளி வாங்கி, வேலை முடிய முடியத்தான் பணம் கொடுத்தோம்.

வங்கிக் கையெழுத்தை மாற்றப் போனபோதுதான் என் உண்மையான பாடம் தொடங்கியது. வங்கியில் தீர்மானம் கேட்டார்கள், இப்போதைய உறுப்பினர் பட்டியலைக் கல்வி இலாகா உறுதிப்படுத்திய கடிதம் கேட்டார்கள், எஸ்.சி.பி. நகல் கேட்டார்கள். எங்களிடம் எதுவும் இல்லை. பள்ளி அலமாரியில் இல்லை, தலைவர் வீட்டில் இல்லை. கடைசியில் காலமான செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, சாமி மேடைக்குக் கீழே கையை விட்டு ஒரு சதுர பிஸ்கட் தகரத்தை இழுத்தார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். உள்ளே, ஓரமெல்லாம் பூச்சி அரித்த எஸ்.சி.பி., ரப்பர் வளையம் போட்ட நிலவரி ரசீதுகள், பயன்படுத்தாத ஒரு காசோலைப் புத்தகம், அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் இருபது ஆண்டுக் கூட்டக் குறிப்பு. "அவரு போனப்புறம் யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு வச்சிருந்தேம்மா. யாரும் வரல. தூக்கிப் போட மனசு வரல," என்றார் ஆண்ட்டி. ஒரு பள்ளியின் உயிர் இரண்டு ஆண்டாக ஒரு பிஸ்கட் தகரத்தில் இருந்திருக்கிறது. அந்த ஆண்ட்டிக்கும் நாங்கள் யாரும் போய் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் காகிதங்களைப் படித்ததில் இன்னொரு அதிர்ச்சி. பிள்ளைகள் விளையாடுகிற திடல் பள்ளி நிலத்தில் இல்லை. அது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தில் இருக்கிற அரசாங்க நிலம். இந்த உரிமம் எந்த மாதம் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31க்கு மேல் செல்லாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையதைச் செயலாளர் கடைசியாக 2016க்குக் கட்டியிருந்தார். அவர் போனதோடு அதுவும் போயிற்று. இது தெரியாமல் அதே கூட்டங்களில் அந்தத் திடலில் நிரந்தர மேடை கட்ட நிதி திரட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நில அலுவலகத்துக்கு ஐந்து நடை நடந்தேன். என் 11 நாள் விடுப்பில் பெரும்பகுதி இதற்கும் வங்கிக்கும் போனது. கையெழுத்து மாற்றம் 2020 ஜூலையில்தான் முடிந்தது.

ராஜினாமாக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் ஆண்ட்டியின் அந்தத் தகரம்தான்.

2022இல் புதுத் தவணைக்கு மூன்று பேர் வந்தார்கள். இந்த முறை வரவேற்பை என்னிடம் விடுங்கள் என்று தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயர் கேட்கும்போதே, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் என்று சொல்லவில்லை. மாதத்துக்கு ஆறேழு மணி நேரம் ஆகும், முதலாண்டில் இரண்டு மூன்று நாள் விடுப்பும் எடுக்க வேண்டிவரும் என்று உள்ளதைச் சொன்னேன். ஒருவர் அப்போதே முடியாது என்று விலகினார். எனக்கு அது நல்லதாகவே பட்டது, அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். முதலில் நான் தயாரித்த கோப்பு 140 பக்கம். எல்லாவற்றையும் நகலெடுத்துத் தைத்திருந்தேன். யாரும் படிக்கவில்லை, நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன். பிறகு அதை 12 பக்கமாகச் சுருக்கினேன். எஸ்.சி.பி.யின் சாரம், நிலம் எங்கே எந்த ஆவணத்தில், மூன்று பை, நாம் தொடக்கூடாத விஷயங்கள், அந்தச் சுருக்கெழுத்துகளின் விளக்கம். கடைசிப் பக்கம் முழுக்கத் தேதிகள்: மதிப்பீட்டு வரி பிப்ரவரி முடிவிலும் ஆகஸ்ட் முடிவிலும், நிலவரி மே 31க்குள், டி.ஓ.எல். டிசம்பருக்குள். மூலப் பத்திரங்கள் பள்ளியின் இரும்பு அலமாரியில், வருடி எடுத்த படிகள் இருவர் கையில்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவர்களைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். எல்லைக் கல்லிலிருந்து தொடங்கி, சாக்கடை, கழிப்பறை, மின்சாரப் பெட்டி, கூரை என்று சுற்றினோம். தலைமையாசிரியை சபைக்கூடலில் அறிமுகப்படுத்தினார். பிறகு அவரே அவர்களிடம் எது தன் பொறுப்பு, எது வாரியத்தின் பொறுப்பு என்று கோப்பி குடித்தபடி பேசினார். இதை நான் சொல்வதைவிட அவர் வாயால் கேட்பதுதான் சரி. முதல் மூன்று கூட்டத்துக்கு ஒவ்வொரு புதியவர் பக்கத்திலும் ஒரு பழையவர். யாராவது சுருக்கெழுத்தில் பேசினால் தலைவரே நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இதில் இரண்டு மூத்தவர்களுக்கு வருத்தம். "நாங்க யாரு சொல்லிக் கொடுத்தா வந்தோம்? வேலை செஞ்சு கத்துக்கிட்டோம்" என்றார்கள். அவர்கள் கற்றதும் ஒரு விலை கொடுத்துத்தான். அந்தக் காலத்தில் அவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் நடையாய் நடந்திராவிட்டால் எங்களுக்கு இந்த நிலமே இல்லை. அதையும் அந்த 12 பக்கத்தில் அரைப் பக்கம் சேர்த்தேன், அவர்களையே சொல்ல வைத்து எழுதினேன். அதன்பிறகு அவர்களில் ஒருவர்தான் புதியவர்களுக்கு எல்லைக்கல் காட்டக் கூட வருகிறார்.

அந்த மூவரில் ஒரு தம்பி மின்பணியாளர். சுற்றிவந்த அன்றே மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒரு கம்பியின் மேலுறை கருகி இருப்பதைக் காட்டினார். ஒரு வாரத்தில் மூன்று விலைப்புள்ளி வந்தது. எனக்கோ அவசரம், பழைய படம் கண்முன் வந்து நின்றது. குறைந்த விலைக்காரருக்கு 1,900 வெள்ளி காசோலையை எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டேன். அந்தத் தம்பி வாசலில் நிறுத்தினார். "ஆண்ட்டி, இதுக்குத் தீர்மானம் போட்டாச்சா?"

போடவில்லை. அன்றிரவு எட்டரைக்கு அவசரக் கூட்டம் கூட்டினோம், ஒன்பது பேர் வந்தார்கள். அந்தத் தம்பி முன்மொழிந்தார், ஒரு மூத்தவர் வழிமொழிந்தார். கூட்டக் குறிப்பில் எழுதி முடித்த பிறகுதான் காசோலையில் கையெழுத்துப் போட்டேன்.